நடுக்கதவு

செலின் கால்வேயில் நர்ஸ்.
மாமனார் அதைக் கால்வாய் என்றுதான் சொல்வார்.
கேட்கிறவர்கள் பக்கிங்காம் கால்வாயை நினைத்து
மூக்கைச் சுளித்து,
பிறகு "எந்த நாட்டுல?" என்பார்கள்.

ஜூனில் ஐந்து நாள் லீவாம் அவளுக்கு.
எல்லாரும் வாங்க, டிக்கெட் நான் போடுறேன்,
ஓட்டல் மட்டும் பாத்துச் சொல்லுங்க என்றாள்.
விசா இன்னும் வரவில்லை.
ஆனாலும் காசிமேட்டு ஹவுசிங் போர்டு மூணாவது மாடியில்
அன்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டோம்,
ஒரு போனைச் சுற்றி ஐந்து தலை.

ஓட்டல் என்றால் எங்களுக்கு
தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் சத்தம்.
இது தூங்குகிற ஓட்டல்.
இதில் நல்லது எது என்று
எதை முகர்ந்து பார்த்துச் சொல்வது?

டெல்வினுக்கு நீச்சல் குளம்.
ஷைனிக்குத் தனிக் கட்டில், தலைமாட்டில் தனி விளக்கு.
பத்தாவது படிக்கிறாள். இதுவரை
தான் நினைத்த நேரத்தில் விளக்கை அணைத்ததில்லை.
மாமனாருக்கு பீடி பிடிக்க ஒரு பால்கனி.
"அங்க பிடிச்சா ஃபைன் போடுவான் தாத்தா."
"அப்போ கக்கூஸ்ல ஜன்னல் கீதா பாரு."

ஜெசிந்தா எல்லாப் படங்களிலும்
குளியலறையைத்தான் பெரிதாக்கிப் பார்த்தாள்.
வெள்ளைப் பளிங்கு, மடித்த துண்டு நாலு,
விரல் நீள சோப்பு.
"நாலு ஸ்டார் போட்டுக்கினு
மக் வெக்கத் தெரியாத மக்குப் பசங்க."
பெட்டியில் முதலில் போக வேண்டிய பொருள்
அப்படித்தான் முடிவானது.
இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர் உண்டாம்.
கீழே லாரித் தண்ணீருக்கு வரிசையில் கிடந்தன
எங்கள் குடங்கள், நீலம் ரெண்டு, பச்சை ஒன்று.

தங்கிப்போனவர்கள் எழுதியதை ஷைனி படித்தாள்.
விடியற்காலையில் கடற்பறவை கத்துகிறது: இரண்டு நட்சத்திரம்.
காற்றில் மீன் வாடை: ஒரு நட்சத்திரம்.
நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.
ஏலம் தொடங்க இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.
எங்கள் வீட்டுக்கு எத்தனை போடுவார்கள்?

கடல் தெரியும் அறைக்கு ராத்திரிக்கு நாற்பது யூரோ கூட.
ஐஸ் கம்பெனியில் என் ஐந்து நாள் கூலி.
"கடலப் பாக்கக் காசு குடுக்கற குடும்பமா நாம?
கார் நிக்கிற பக்கமே போடு" என்றேன்.
மாமனார் சிரிக்கவில்லை.
நாற்பது வருஷம் விசைப்படகில் போனவர்.
"அது வேற கடல்டா," என்றார். "ஒரு தபா பாக்கணும்."

இத்தனையும் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள் செலின்.
உனக்கு இன்னா வேணும், நீ சொல்லு என்றதும்
அந்தப் பக்கம் கெட்டில் கொதித்து அடங்கும்வரை பேச்சில்லை.
"எல்லாரும் ஒரே ரூம்ல படுக்கணும்.
நாலு வருஷமா நைட் டியூட்டி.
பகல்ல திரை இழுத்துட்டுத் தூங்கறேன்.
பக்கத்துல யாரும் மூச்சு விடற சத்தமே இல்ல.
வார்டுல கேக்கறது வேற, அக்கா."

ஷைனி மெயில் எழுதினாள்:
ஆறு பேர், ஓர் அறை, தரையில் பாய் போட்டுக்கொள்ளலாமா?
பாய்க்கு ஆங்கிலம் தேடவே பத்து நிமிஷம்.
மறுநாள் பதில் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி.
தீப்பாதுகாப்பு விதிப்படி ஓர் அறையில் நால்வர் மட்டுமே.
ஆனால் மூன்றாம் தளத்தில் இரண்டு அறைகள் உண்டு,
நடுவே ஒரு கதவோடு.

மூன்றாம் தளமா, லிஃப்ட் கீதா என்றார் மாமனார்.
இருந்தது.
ஓர் அறை கடலைப் பார்க்கும், இன்னொன்று காரை.
குளம் இல்லை என்று டெல்வின் மூஞ்சியைத் தூக்கினான்.
விலையைப் பார்த்து நாங்கள் பெரியவர்கள் பேசாமலிருந்தோம்.
போட்டுடு என்றாள் செலின்.

ஜெசிந்தா மட்டும் விடவில்லை.
அரிசி களைந்த கையை உதறாமலே வந்து நின்றாள்.
"அந்த நடுக்கதவுக்கு
தாப்பா எந்தப் பக்கம்னு
ஒரு வார்த்த கேட்டு எழுது."